நோசிசெப்ஷனுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மார்த்தாண்டம், விலங்கியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். இளங்கலை மூன்றாமாண்டுக்கான தமிழ்ப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: நோசிசெப்ஷன், அதாவது உடலுக்குத் தீங்கானதை நரம்புகள் கண்டறிந்து செய்தி அனுப்புவது. எலிக்கு மயக்கமருந்து கொடுத்து எம்ஆர்ஐ கருவிக்குள் கிடத்துகிறார்கள். பின்னங்காலில் சூடு வைத்து, மூளையில் எங்கே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுகிறது என்று பார்க்கிறார்கள். சூடு 43 டிகிரி வாக்கில் வந்ததும் நரம்பு முனையில் டிஆர்பிவி1 என்னும் புரத வாயில் திறந்துகொள்ளும். செய்தி தண்டுவடம் ஏறி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் கடந்து, மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகும். இதை 'வலி உணர்வு' என்று எழுதக் கை வரவில்லை. எலி மயங்கியல்லவா கிடக்கிறது! வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமும் 2020இல் திருத்திய வரையறையில் வலியும் நோசிசெப்ஷனும் வேறு என்றே சொல்கிறது.

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
டீச்சர், சொல் கையிலேயே இருக்கிறதே: ஊறு. ஊறு என்றால் தீங்கு; ஐம்புலனில் தொடுவுணர்வும் ஊறுதான். லத்தீன் மூலத்துக்கும் தீங்கு என்றுதான் பொருள். 'ஊறுணர்வு' என்று போடுங்கள். தொல்காப்பியம் அரங்கேறக் கேட்ட அதங்கோட்டாசான் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு இதற்குக் கடன் வாங்கலாமா?

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ரெண்டு பொருளும் இருப்பதுதான் சிக்கலே. சும்மா தடவினாலும் ஊறு, சுட்டாலும் ஊறு என்றால் பையன் எதை எழுதுவான்? பாதிப் பேருக்கு ஊறுகாய்தான் ஞாபகம் வரும்.

குளச்சல், செவிலியர்:
வெந்நீர் பட்டுப் பொள்ளி வருகிறவர்கள் 'காந்துது' என்பார்கள், மூட்டுக்கு 'கடுக்குது', மற்றதற்கெல்லாம் 'நோவுது'. 'நோவுணர்வு' என்றால் என்ன குறை?

மார்த்தாண்டம்:
நோவு வலியேதான், அக்கா. சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

தக்கலை:
காந்துதல் என்றதும் ஒன்று தோன்றுகிறது. நம் காந்தாரி மிளகாயும் காந்தத்தான் செய்யும். காந்தலை எம்ஆர்ஐ காந்தத்துக்குள் வைத்துப் படம் பிடிக்கிறார்கள், பாருங்கள்! தொல்காப்பியர் உரியியலில் பையுள், சிறுமை இரண்டையும் நோய்ப்பொருளில் சொல்கிறார். 'பையுளறிதல்' என்றாலும்...

நாகர்கோவில்:
ஐயா, காந்தாரியை விடுங்கள். அதைக் குருவி கொத்தித் தின்னும், ஒன்றும் ஆகாது. பறவையின் டிஆர்பிவி1 சூட்டுக்குத் திறக்கும், மிளகாய்க் காரத்துக்குத் திறக்காது. எலிக்கும் நமக்கும் இரண்டுக்கும் திறக்கும். பையுளை வகுப்பில் சொன்னால் அதற்கே ஒரு அகராதி வேண்டும். நான் 'தீங்குணர்தல்' என்பேன். டீச்சர், குறிப்பில் 'வெள்ளெலி' என்றிருப்பதையும் மாற்றுங்கள். அது வயக்காட்டில் வளை தோண்டுகிற வேறு இனம். ஆய்வகத்தில் இருப்பது வெள்ளை நிற எலி.

குளச்சல்:
தீங்குணர்தல் சரி. நைட் டூட்டி, இனி மெயில் பார்க்க முடியாது.

தக்கலை:
'உணர்தல்' என்றாலே சுயநினைவு இருப்பதாக ஆகிவிடாதா? மயங்கிய எலி எதை உணரும்? வலியை விலக்கிய அதே நியாயம் இங்கேயும் பொருந்துமே.

மார்த்தாண்டம்:
அந்தக் கேள்வி நியாயம்தான், ஐயா. ஆனால் ஒளியுணரி, வெப்பமுணரி என்று கருவிக்கே சொல்கிறோமே, நரம்புக்குச் சொல்லக்கூடாதா? நரம்பு முனையை 'தீங்குணரி' என்றும் எழுதிக்கொள்ளலாம். ஊறில் அந்த வசதி இல்லை, 'ஊறுணரி' என்றால் மறுபடி தொடுவுணர்வுதான். மூன்று பேர் ஒரு பக்கம், அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. தீங்குணர்தல் என்றே அனுப்புகிறேன்.

தக்கலை:
அனுப்புங்கள். அடைப்புக்குள் ஊறுணர்வையும் போட்டால் என்ன கெட்டுவிடும்?

மார்த்தாண்டம்:
மாணவர்கள் தேர்வில் ரெண்டையும் எழுதி வைப்பார்கள், ஐயா. போடவில்லை.

தக்கலை:
என் மறுப்பு நிற்கிறது. பையுள் பற்றித் தனியே எழுதுகிறேன்.