சைட்டே வீடு: ஊர் ஊராகப் போய்க் கட்டட வேலை எடுப்பவர்களின் அனுபவங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். கட்டட கான்ட்ராக்ட் வேலை. வேனுக்குள் ஒரு பலகைக் கட்டில், அதற்கு அடியில் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், டியூப் மட்டம், டிரில்லிங் மிஷின். ஒரு வேலை முடிந்தால் வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

புது ஊரில் வேலை தெரியுமா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "ஆபீஸ் எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். வேனைக் காட்டினால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டியவர்கள் நம் தொழிலில் கொஞ்சமா?

அதனால் பெரிய அட்வான்ஸ் கேட்பதையே விட்டுவிட்டேன். சிமெண்டும் கம்பியும் வீட்டுக்காரரே வாங்கட்டும், பில் அவர் பெயரிலேயே இருக்கட்டும். எனக்குக் கூலி மட்டும். அதுவும் பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று முடிக்க முடிக்க. கையில் பணம் புரளாது, அது கஷ்டம்தான். ஆனால் யாருடைய பணமும் பெரிதாக மாட்டிக்கொள்ளாது.

சரி, சொல்ல வந்தது வேறு. ஒரு வீட்டுக்கு ரூஃப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேனைக் கட்டடத்தை ஒட்டி நிறுத்திப் படுத்திருக்கிறேன். நடுராத்திரியில் டங் டங்கென்று இரும்புச் சத்தம். டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போனால், இரண்டு பையன்கள் ரூஃபைக் கீழிருந்து தாங்குகிற இரும்பு முட்டான ஜாக்கியின் திருகைத் தளர்த்திக்கொண்டிருக்கிறார்கள். ஓரமாக நாலைந்து ஏற்கெனவே தரையில் கிடக்கின்றன.

"என்னப்பா பண்றீங்க?"

"வாடகைக்கு விட்டவர் எடுத்துட்டு வரச் சொன்னார்ணே. வீட்டுக்காரர் போதும்னுட்டாராம்."

வீட்டுக்காரரை எழுப்பி ஃபோனில் கேட்டேன். "மேலே ஏறி நடந்து பார்த்தேனே, கல்லு மாதிரி இருக்கு. சும்மா எதுக்கு வாடகை ஏறணும்?" என்றார். நடந்தால் கெட்டியாகத்தான் இருக்கும், அடுத்த நாளே இருக்கும். ஆனால் கான்கிரீட்டின் பலத்தை 28 நாளுக்குத்தான் கணக்கு வைக்கிறோம். ஏழாம் நாளில் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். சாதாரண சிமெண்டில் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள். 6 மீட்டருக்கு மேல் போகிற பீமுக்கு 21 நாள். குளிர் அதிகமென்றால் இன்னும் தள்ளும். அந்த ஹால் 5 மீட்டர்.

அந்தப் பையன்களையே பிடித்து வைத்து, எடுத்ததை எல்லாம் திரும்ப நிறுத்தினோம். இதில் ஒரு விஷயம்: திரும்ப வைக்கும்போது தளத்தைத் தொட்டு லேசாகப் பிடிக்கிற அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பயத்தில் ஓங்கித் திருகினால் ஜாக்கி தளத்தைக் கீழிருந்து தூக்கும், மேல்பக்கம் விரிசல் விழும். மிச்ச வாடகையில் பாதி நான் போடுகிறேன் என்றதும் வீட்டுக்காரர் அடங்கினார். நான் வேறு எங்காவது ரூம் போட்டுத் தங்கியிருந்தால் காலையில்தான் வந்து பார்த்திருப்பேன். இப்போதெல்லாம் முட்டு எடுக்கும் தேதியை ரூஃப் போட்ட அன்றே சுவரில் பெரிதாக எழுதிவிடுகிறேன்.

—

அண்ணே, ஜாக்கி கதையைப் படித்து வயிறு கலங்கிவிட்டது. நான் பூச்சும் டைல்ஸும் எடுத்துச் செய்கிறவள். என் தலைவலி மணல். ஒரே ஊரில் இருக்கிறவர்களுக்கு அந்த ஊர் மணல் கைக்குப் பழகிவிடும். நமக்குச் சைட்டுக்குச் சைட் வேறு மணல்.

ஒரு இடத்தில் மழைக்கு நனைந்த மணல். மணல் அளக்கிற பெட்டிக் கணக்குக்கு மேலே மணலைக் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொன்னேன். அங்கே வேலைக்கு வந்த பெரிய கொத்தனார் ஒருவர் எல்லார் முன்னாலும், "வந்த ஊரிலேயே சிமெண்டுல கை வைக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டார். சித்தாள்கள் சிரிக்கிறார்கள். நான் வாய் கொடுக்கவில்லை. கண்ணாடி பாட்டில் ஒன்றில் அதே மணலை முக்கால்வாசி நிரப்பிக் கோடு போட்டேன். தண்ணீர் ஊற்றி மணல் முங்குகிற மாதிரி கலக்கிவிட்டு வைத்தேன். மணல் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கி நின்றது. ஈரம் மணலைச் சுற்றிப் படிந்து ஒன்றையொன்று தள்ளி வைப்பதால்தான் அது உப்பித் தெரிகிறது. பொடி மணல் கால் பங்குக்கு மேலேயும் உப்பும். முழுக்க முங்கிவிட்டால் பழைய அளவுக்கே வந்துவிடும். ஈர மணலை அப்படியே அளந்தால் கலவையில் மணல் குறைந்து சிமெண்ட் கூடிப்போகும், பூச்சு காயும்போது சுருங்கி வெடிக்கும்.

அவர் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் மணல், அதற்கு மேலே மெல்லிசாக ஒரு வண்டல் படலம். "சேறும் இருக்கே, இதை யார் இறக்கினது?" என்று மணல் லாரிக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். அப்புறம் அந்த வேலை முடிகிற வரைக்கும் என் பக்கம்தான்.

—

வேனில் தங்குவதைப் பெருமையாகப் பேசுகிறீர்கள், சரி. நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சைட்டில் எலக்ட்ரீஷியன் ஒருவர் குளிர் தாங்காமல் வேன் கதவை எல்லாம் சாத்திவிட்டு கேஸ் அடுப்பை எரியவிட்டே படுத்துவிட்டார். ரவுண்டு வந்த வாட்ச்மேன், கண்ணாடி முழுக்க உள்பக்கமாக வேர்த்து வழிவதைப் பார்த்துக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். அவர் எழுந்து வந்தபோது தலை வலிக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். மூடிய வேனில் அடுப்பு எரிந்தால் சேருகிற விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்தில் தெரியவே தெரியாது.

ஜெனரேட்டரும் அப்படித்தான். வேன் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடவே கூடாது, புகை போகிற பக்கம் ஆள் படுக்கக் கூடாது. மிஷின் வாங்கச் செலவு செய்கிற நாம் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்க யோசிக்கிறோம். படுத்தால் தலை இருக்கிற உயரத்துக்கு மாட்டுங்கள், பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அந்த எலக்ட்ரீஷியன் மறுநாளே வாங்கி மாட்டினார். வாட்ச்மேனுக்கும் அவர் காவல் அறைக்கு ஒன்று.