மிகையூட்டமா, நற்போசணையாக்கமா, கொழுத்தலா?

மேரிலாந்துவாசி எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாரயிறுதித் தமிழ்ப்பள்ளி விழாவுக்காக, அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் வளைகுடா பற்றி ஆறு பதாகைகள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஐந்து முடிந்துவிட்டன, ஆறாவதில் ஒரு சொல் என்னை மறித்துக்கொண்டு நிற்கிறது.

விஷயம் இதுதான். வயல் உரம், கோழிப்பண்ணை எரு, ஊர்க் கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆறுகள் வழியே வந்து சேர்கின்றன. பாசி பெருகுகிறது, செத்து அடியில் படிகிறது, அதை மட்கவைக்கும் பாக்டீரியா நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கிறது. கோடையில் மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாக இரண்டடுக்காய் நிற்பதால் மேற்பரப்புக் காற்று அடிநீருக்கு எட்டுவதில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே ஆக்சிஜன் இறங்கிவிட்டால், ஆழத்தில் போட்ட கூண்டை நண்டுபிடிப்பவர் இழுக்கும்போது உள்ளே இருப்பவை செத்துக் கிடக்கின்றன.

இந்தத் தொடரின் தொடக்கத்தை 'யூட்ரோஃபிகேஷன்' என்கிறார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி ஒரு சொல் தாருங்கள்.

வல்லைவெளி எழுதியது:

இதற்கு ஏன் புதிதாக அடுப்பு மூட்டவேண்டும்? இலங்கைப் பாடநூல்களில் 'நற்போசணையாக்கம்' இருக்கிறது. நான் அதைப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல, 'த்ரோஃபே' என்றால் போசணை. மூலத்துக்கு இம்மி பிசகாத சொல்.

குடந்தைக் கிழவர் எழுதியது:

மூலத்துக்குப் பிசகவில்லை, நண்டுக்குத்தான் பிசகிவிட்டது. கூண்டுக்குள் அது செத்துக் கிடக்கிறது, நாம் வெளியே நின்று 'நல்' என்கிறோம். போசணை வடசொல் என்பதை வேறு சொல்லவேண்டுமா?

என் முன்மொழிவு 'நீர்கொழுத்தல்'. வயல் கொழுக்கிறது, ஆடு கொழுக்கிறது, நீர் கொழுக்கக் கூடாதா? நண்டு கொழுத்தால் வளையில் இராது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். செசபீக்கில் நீர் கொழுத்தால் நண்டு வளையில் இராது. பழமொழியைத் திருப்பிப் போட்டால் பதாகை தயார்.

நீர்க்கணக்கர் எழுதியது:

பிழைப்புக்காக, ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்களின் கணிப்புமாதிரிகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் குறுக்கிடுகிறேன். கொழுத்தல் தனியாக நின்றால் அழகுதான். ஆனால் இது வரிசையில் உட்காரவேண்டிய சொல். 1907இல் வெபர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் கரிச்சதுப்பு நிலங்களைத் தரம்பிரிக்க இந்தச் சொற்குடும்பத்தைக் கொண்டுவந்தார். ஏரிக்கும் கடலுக்கும் அது பிறகுதான் வந்தது. குறையூட்டம், இடையூட்டம், மிகையூட்டம் என்றால் அட்டவணை நிற்கும். மெலிந்த நீர், நடுத்தர நீர், கொழுத்த நீர் என்று போட்டால் ஆட்டுச்சந்தை விலைப்பட்டியல்போல் இருக்கும்.

இன்னொன்று. கடலியலாளர் நிக்சன் 1995இல் தந்த வரையறைப்படி இது நிலை அன்று, நிகழ்வு: ஒரு நீர்நிலைக்குக் கரிமப்பொருள் வந்துசேரும் வேகம் கூடுவது. மாதிரி எங்களிடம் கேட்பதும் அதையேதான். எவ்வளவு வந்தது, எவ்வளவு படிந்தது, எவ்வளவு கடலுக்குப் போனது? ஆகவே சொல்லிலும் நிகழ்வு தெரியவேண்டும். 'மிகையூட்டமுறல்' என்பது என் பரிந்துரை.

குடந்தைக் கிழவர் எழுதியது:

மிகையூட்டமுறல்! வாயில் சுண்டலோடு சொல்லிப் பாருங்கள், ஐயா.

ஆனால் 'ஊட்டம்' என்னை நேற்றிரவு தூங்கவிடவில்லை. காண், காட்டு என்பதுபோல உண், ஊட்டு. உண்பது பாசி, ஊட்டுவது யார்? உரமூட்டையைப் பிரித்தவன். ஊட்டம் என்ற சொல்லுக்குள்ளேயே ஊட்டிய கை ஒன்று இருக்கிறது. என் 'கொழுத்தல்' தன்வினை, அதில் அந்தக் கை தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் 'உறல்' என்ன செய்கிறது? கையை மறைத்து, நீர் ஏதோ தானாக உற்றதுபோல் ஆக்கிவிடுகிறது. வாலை வெட்டுங்கள். மிகையூட்டம் போதும். 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று வள்ளுவர் உங்கள் அட்டவணைக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறார்.

வல்லைவெளி எழுதியது:

மிகை இங்கேயே தீர்ந்துவிட்டால் இதற்கும் மேலான படிக்கு என்ன சொல்வீர்கள், மிகைமிகையூட்டமா?

கையோடு இன்னொன்று. நீர்க்கணக்கர் 'கழிமுகம்' என்கிறார். எங்கள் புவியியல் நூல்களில் கழிமுகம் என்றால் ஆறு வண்டல் கொட்டி உண்டாக்கும் டெல்டா. நீங்கள் சொல்வது பொங்குமுகம்.

நீர்க்கணக்கர் எழுதியது:

நிகண்டுக்காரர்கள் 'கயவாய்' என்பார்கள். பள்ளிப் பதாகையில் அதைப் போட்டால் பிள்ளைகளுக்குக் கயவர்தான் நினைவுக்கு வருவார்கள். பொங்குமுகம் என்பதில் ஓதம் பொங்குவது தெரிகிறது, நல்ல சொல். ஆனால் சென்னையில் கேட்டால் பால் பொங்குகிறதா என்பார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

கழிமுகத்துக்குத் தனி இழை திறக்கவும். நாளை வியாழன்.

மேரிலாந்துவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று சொற்களையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். நற்போசணையாக்கம் என்பதைப் படித்த பெண், வளைகுடா நலமாகிவிட்டதா என்று கேட்டாள். கொழுத்தலுக்கு எல்லாரும் சிரித்தார்கள், யாரும் மறக்கவில்லை. மிகையூட்டத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் 'யார் ஊட்டினார்கள்?' என்றான். கிழவர் ஐயாவுக்கு வணக்கம்.

தலைப்பில் 'மிகையூட்டம்'. கீழே திருப்பிய பழமொழி. சர்ச்சை வேண்டாமென்று 'ஆறும் கடலும் கலக்கும் இடம்' என்று எழுதிவிட்டேன். 2010 டிசம்பரில் விதித்த சுமை வரம்பையும், அதாவது எவ்வளவுவரை வந்துசேரலாம் என்ற அளவையும், சேர்த்திருக்கிறேன்: வளைகுடாவை 92 கூறுகளாகப் பிரித்து, மொத்தத்துக்கும் ஆண்டுக்கு நைட்ரஜன் 18.59 கோடி பவுண்டு, பாஸ்பரஸ் 1.25 கோடி பவுண்டு. 'சுமை' பற்றி யாரும் சண்டை போடவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

வல்லைவெளி எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. என் தங்கை மகள் இந்த ஆண்டு பரீட்சை எழுதுகிறாள். அவள் மிகையூட்டம் என்று எழுதினால் புள்ளி போடப்போவது இந்தக் குழுமம் அன்று. சுமை பற்றியும் எனக்கு ஒரு சொல் இருக்கிறது. அச்சுக்குப் போனபின் எழுதுகிறேன்.