மில்டனின் பொறுமை சானெட்: திருப்பம் ஏன் எட்டாம் அடியிலேயே?

கேள்வி:
'வென் ஐ கன்சிடர்' என்று தொடங்கும், ஆங்கிலக் கவிஞர் மில்டனின் சானெட்டை (14 அடிக் கவிதை; 1673 தொகுப்பில் அச்சானது) அலகிட்டுக்கொண்டிருக்கிறேன், அதாவது அசை பிரித்துப் பார்க்கிறேன். பெட்ரார்க் வகை (8 அடி, 6 அடி என இரண்டாகப் பிரியும் இத்தாலிய வடிவம்) என்றால் ஒன்பதாம் அடியில்தானே திருப்பம், அதாவது கருத்து மாறும் இடம், வரணும்? 'பட் பேஷன்ஸ்' (ஆனால் பொறுமை) எட்டிலேயே வந்துவிடுகிறது. 5, 11ஆம் அடிகளும் மசிய மாட்டேன் என்கின்றன. தமிழ் யாப்பின் நேர், நிரை வைத்துப் பார்த்தும் சரிவரவில்லை.

பதில் 1:
நேர், நிரையை மூட்டைகட்டி வையுங்கள். அது குறில், நெடில், ஒற்று பார்ப்பது. இங்கே அழுத்தம்தான் கணக்கு. அடிக்கு 10 அசை, ஐந்து ஜோடி, ஜோடியில் இரண்டாவதற்கு அழுத்தம். கடைசி அடி அச்சடித்தாற்போல் இருக்கும்: தே ஆல் | ஸோ சர்வ் | ஹூ ஆன் | லி ஸ்டாண்ட் | அண்ட் வெயிட். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள்.

5இல் 'பிரசென்ட்'டைப் பரிசு என்று வாசித்து முதல் அசையை அழுத்தியிருப்பீர்கள். அது வினைச்சொல், அழுத்தம் இரண்டாம் அசையில். அப்போதுதான் ஸ்பென்ட், பென்ட், பிரிவென்ட்டோடு இயைபும் (அடியிறுதி ஒலி ஒப்பு) சேரும்.

11இல் 'பேர் ஹிஸ் | மைல்ட் யோக்': முதல் ஜோடி தலைகீழ், அடுத்ததில் இரண்டு அசையும் கனம். பிழையில்லை; நுகம் சுமக்கும் இடத்தில் அடியும் பாரம் சுமக்கிறது. 4ஆம் அடித் தொடக்கமான 'லாட்ஜ்ட் வித்'திலும் அதே தலைகீழ்தான்.

பதில் 2:
திருப்பத்துக்கு வருவோம். 'வென்' என்று தொடங்கிய வாக்கியம் ஏழு அடி தாண்டி 'ஐ ஃபாண்ட்லி ஆஸ்க்'கில்தான் முடிகிறது. அது 4 அசை. மிச்சம் 6 அசையில் பொறுமை உள்ளே நுழைந்துவிடுகிறது. அடுத்த அடியில் கணக்கு மாறுகிறது: 6 அசை அறிமுகத்துக்கு, 4 அசையில் பதில் தொடக்கம். 'பிரிவென்ட்' என்றால் அன்று முந்திக்கொள்வது என்றும் பொருள். கவிஞரின் முணுமுணுப்பை (பார்வையைப் பறித்த கடவுள் வேலையும் கேட்பாரோ என்பதை) முந்தவந்த பொறுமை ஒன்பதாம் அடிவரை காத்திருக்குமா என்ன! வடிவம் பிசகியதாக எழுதிவிடாதீர்கள்.

இயைபு அஆஆஅ அஆஆஅ இஈஉ இஈஉ (ஒரே எழுத்து என்றால் ஒரே இயைபு). ஷேக்ஸ்பியர் பழக்கத்தில் கடைசி ஈரடியில் இயைபு தேடாதீர்கள்: 'வெயிட்'டுக்கு ஜோடி 11இன் 'ஸ்டேட்', 'ரெஸ்ட்'டுக்கு ஜோடி 10இன் 'பெஸ்ட்'.

கேட்டவர்:
இப்போது பிடிபடுகிறது. 13இல் எனக்கு 11 அசை வருகிறதே?

பதில் 1:
'ஓவர்' என்று வாசிக்கிறீர்கள். அச்சில் நடு எழுத்துக்குப் பதில் மேற்கோள் குறி இருக்கும். 'ஓர்' என ஒரே அசையாகச் சொல்லுங்கள், பத்தாகிவிடும்.