பெங்களூரு செம்மண்ணில் வீட்டோரக் கோர்ட்: தரை போட்டவர்களின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் ஏரியா)

கே.ஆர்.புரம்

வீட்டை ஒட்டி 40×60 அடி சைட் காலியாகக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு பேட்மிண்டன், பெரியவர்களுக்கு பிக்கிள்பால் (தட்டை மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் வைத்து வலைக்கு மேல் ஆடுவது), இரண்டையும் ஒரே தரையில் போடலாமா? செம்மண் கெட்டி மண்தானே, தட்டிவிட்டு மேலே நாலு அங்குலம் கான்கிரீட் கொட்டினால் போதும் என்கிறார் மேஸ்திரி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ராமமூர்த்தி நகர்

ஒரே தரையில் போடலாம். இரண்டு ஆட்டத்துக்கும் களம் 20×44 அடிதான். சுற்றிலும் ஓட இடம் விட்டு 30×60 தரை போடுங்கள். நீளப் பக்கம் வடக்கு தெற்காக அமைந்தால் மாலை வெயில் யார் கண்ணிலும் நேராக அடிக்காது.

மேஸ்திரி சொல்வதில் பாதி சரி. காய்ந்த செம்மண் கல் மாதிரி நிற்கும். ஆனால் நம் ஊர் செம்மண்ணில் களி கலந்திருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஊறினால் மேல் அரையடி இளகிப்போகும். அதன் மேல் நேராகக் கான்கிரீட் போட்டால் ஓரம் முதலில் இறங்கும், அடுத்து மூலைகளில் குறுக்கு விரிசல் விழும். நாலு அங்குலமா ஐந்தா என்பதைவிட அடிமண் நனைகிறதா இல்லையா என்பதுதான் பெரிய விஷயம்.

செய்ய வேண்டியது இது: வேர், குப்பை, மேல்மண் எல்லாம் போக 8 அங்குலம் வழித்தெடுங்கள். அடியில் கட்டட இடிபாடு கொட்டிய பள்ளம் தென்பட்டால் அதை முழுக்கத் தோண்டி, கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு நனைத்து ரோலர் ஓட்டுங்கள். ஒரே மூச்சில் இரண்டடி நிரப்பினால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும், அடி பொக்கையாகவே இருக்கும். பிறகு 6 அங்குலம் ஜிஎஸ்பி, அதாவது ஜல்லியும் கல்தூளும் கலந்த அடித்தளக் கலவை. இறுகிய அளவு 25 கன மீட்டர் வரும், வண்டிக்கணக்கில் வாங்கும்போது 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவை இந்தக் கட்டத்திலேயே கொண்டுவந்துவிட வேண்டும். 30 அடி அகலத்துக்கு மூன்றரை அங்குலம், ஒரே பக்கமாக. நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் சரிய விடுபவர்கள் உண்டு. ஆடுகிறவர்கள் காலுக்கு அது உடனே தெரியும், வேண்டாம்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்

மேலே சொன்னதெல்லாம் செம்மண்ணுக்குப் பொருந்தும். ஆனால் இந்த ஊரில் எது ஏரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. கண்டீரவா மைதானம் நிற்பதே பழைய சம்பங்கி ஏரியில்தான். மூன்றடி தோண்டி, கறுப்பாக, கையில் ஒட்டும் மண் வந்தால் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். உலர்த்திப் பொடித்துச் சலித்த மண் 10 கிராம் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயிலுமாக இரண்டு அளவுக் குடுவைகளில் ஒரு நாள் வையுங்கள். மண்ணெண்ணெயில் உள்ளதைவிடத் தண்ணீரில் உள்ளது பாதிக்கு மேல் கூடுதலாக உப்பியிருந்தால் அந்த மண் தரையைத் தூக்கிவிடும். இரண்டடி எடுத்துவிட்டு கிராவல் நிரப்புவதே பத்திரம்.

பானசவாடி

கான்கிரீட் கணக்கு: 30×60-க்கு 5 அங்குலம் கனம் என்றால் 21 கன மீட்டர். எம்-25 என்ற வலுத்தரத்தில், ஆறு கன மீட்டர் மிக்சர் வண்டி நான்கு தடவை. ஜிஎஸ்பி மேல் 250 மைக்ரான் பிளாஸ்டிக் தாள், விளிம்புகள் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று. 8 மி.மீ. கம்பி இரு திசையிலும் 8 அங்குல இடைவெளியில். கம்பி மேலிருந்து 2 அங்குல ஆழத்தில் நிற்கும்படி சேர் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கி) வைத்துக் கட்டுங்கள். தாள் மேல் கிடக்கும் கம்பியால் எந்தப் பலனும் இல்லை, பணம்தான் வீண்.

போட்ட அன்று இரவே வெட்டுக்கோடு (விரிசல் கண்ட இடத்தில் விழாமல் கோட்டிலேயே விழ, மெஷினால் கீறுவது) போட்டாக வேண்டும். 30 அடியில் மூன்று, 60 அடியில் ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றும் 10×12 அடி. ஆழம் ஒன்றேகால் அங்குலம். மறுநாள் மத்தியானம் வெட்டலாம் என்று விட்டால் அதற்குள் தரை தன் இஷ்டத்துக்கு விரிந்திருக்கும். மேற்பரப்பை மெஷினில் வழவழப்பாக்காதீர்கள். துடைப்பம் லேசாக இழுத்த சொரசொரப்பில்தான் அக்ரிலிக் (கோர்ட்டுக்கு அடிக்கும் வண்ணப் பூச்சு) பிடிக்கும். ஈரம் காக்க க்யூரிங் கெமிக்கல் அடித்தாலும் பெயின்ட் உரியும், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதே நல்லது.

கம்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. பேட்மிண்டன் கம்பங்களுக்கு நடுவே 20 அடி, பிக்கிள்பாலுக்கு 22 அடி. கான்கிரீட்டுக்கு முன்பே கம்பம் செருக இரண்டு ஜோடி குழாய்களை 2×2×2½ அடி அஸ்திவாரத்தில் பதித்து மூடி போட்டுவிடுங்கள். அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் இடையே தெர்மாக்கோல் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் அதன் மூலையிலிருந்தே விரிசல் கிளம்பும். கோடுகளும் இடிக்கும். பேட்மிண்டன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடி, பிக்கிள்பாலின் கிச்சன் கோடு (வலையோரம் பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாத பகுதியின் எல்லை) 7 அடி. ஒன்றை வெள்ளையிலும் மற்றதைத் தரையின் நிறத்துக்கு நெருங்கிய மங்கல் நிறத்திலும் போடுங்கள்.

ராமமூர்த்தி நகர்

வண்ணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் 28 நாள் காயட்டும். ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டி 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள், அடியில் ஈரம் கோத்தால் இன்னும் பொறுங்கள். பிறகு தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நாணயம் முழுகும் அளவுக்குத் தேங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, முதலில் அவற்றை நிரவுங்கள். வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி. காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். ஏப்ரலில் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடிமழை வந்து ஈர பெயின்டை அடித்துக்கொண்டு போகும்.

அக்ரிலிக்குக்குப் பதில் ஓரடி பிளாஸ்டிக் டைல் பூட்டினால் சுற்றிலும் ஓரங்குலம் இடம் விடுங்கள். சுவரை முட்டினால் வெயிலில் நடுவே தூக்கிக்கொள்ளும்.

ஃப்ரேசர் டவுன்

தண்ணீர் எங்கே போகும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. 50 மி.மீ. மழை பெய்தால் இந்தத் தரையிலிருந்து மட்டும் 8,300 லிட்டருக்கு மேல் இறங்கும். தாழ்ந்த பக்கம் முழு நீளத்துக்கும் 9 அங்குலக் கால்வாய், மேலே கம்பிச் சட்டம், கடைசியில் மண் தங்க 2 அடித் தொட்டி, அதிலிருந்து மழைநீர்க் குழி. கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பது கூடாது, அடைமழையில் அது உங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பும். கால்வாய் தரைமட்டத்துக்கு அரை அங்குலம் கீழே இருக்கட்டும். மேடான பக்கத்தில் மண்ணைத் தரைக்கு நான்கு அங்குலம் கீழே வெட்டி விடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து கோர்ட் மேல் படியும். பச்சை பெயின்ட் மேல் படிந்த செம்மண் கறை லேசில் போகாது.