முதலாளித்துவத்துக்கு அறம் சார்ந்த நியாயம் உண்டா? வகுப்பில் எப்படிச் சொல்வது?

கேள்வி: மேல்நிலைப் பொருளியல் ஆசிரியர்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலின் முதல் பாடத்திலேயே முதலாளித்துவம், சமதர்மம், கலப்புப் பொருளாதாரம் ஆகியவை இயல்புகள், நிறைகள், குறைகள் என்ற வரிசையில் வந்துவிடுகின்றன. மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். என்னை உறுத்துவது வேறு. முதலாளித்துவத்தின் நிறைகளாக நாங்கள் சொல்லிக்கொடுப்பவை, வளங்கள் திறம்படப் பயன்படும், உழைப்புக்கு ஊக்கம் கிடைக்கும், புதிய தொழில்நுட்பம் வரும் என்று பெரும்பாலும் திறனைப் பற்றியவை. குறைகளில் முதன்மையானவையோ செல்வக் குவிப்பு, வர்க்கப் போராட்டம் என்று நியாயத்தைப் பற்றியவை. ஆகவே, இந்த முறையில் காரியம் நடக்கும், ஆனால் அது தர்மமல்ல என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறுகிறார்கள். சென்ற வாரம் ஒரு மாணவி, "லாபம் என்றால் அடுத்தவரிடம் கூடுதலாகப் பிடுங்குவதுதானே?" என்று கேட்டாள். அவள் தந்தை மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. திறனை ஒதுக்கி வைத்துவிட்டு, அறத்தை மட்டும் கொண்டு முதலாளித்துவத்துக்காக வாதிட முடியுமா? அதைப் பிரச்சாரமாக்காமல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வழி உண்டா?

பதில் 1: ஓய்வுபெற்ற கணக்காளர்

முடியும், அந்த மளிகைக்கடையிலிருந்தே தொடங்கலாம். அங்கே துவரம்பருப்பு வாங்குகிறவருக்குக் கையிலிருக்கும் பணத்தைவிடப் பருப்பு வேண்டியிருக்கிறது. கடைக்காரருக்குப் பருப்பைவிடப் பணம் வேண்டியிருக்கிறது. இருவரில் யாரும் மற்றவரைக் கட்டாயப்படுத்த முடியாது. எடை குறைந்தால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். அவருடைய விருப்பத்தைக் கேட்டுத்தான் கடைக்காரர் பிழைக்க வேண்டும் என்பதே இந்த முறையின் அறம். லாபம் அந்தச் சேவைக்குக் கிடைக்கும் கூலி. நட்டம் வந்தாலும் அவர் அதை ஊரார் தலையில் கட்ட முடியாது.

இதன் மறுபக்கத்தை எங்கள் தலைமுறை நேரில் கண்டது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ், உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் சரக்கு உற்பத்தி செய்வதுகூடக் குற்றமாகக் கருதப்பட்டது. ஒரு ஸ்கூட்டருக்கும் தொலைபேசி இணைப்புக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். அந்த வரிசையில் யார் முந்தினார்கள் என்று மாணவர்களைக் கேளுங்கள்: செல்வாக்கு உள்ளவரும் சிபாரிசுக் கடிதம் வைத்திருந்தவரும். 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்ததைப் பாடநூல்கள் வளர்ச்சி விகிதத்தைக் கொண்டே அளக்கின்றன. சாதாரண மனிதர் ஓர் அதிகாரியின் தயவுக்காகக் கைகட்டி நிற்கும் நிலை குறைந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆடம் ஸ்மித்தை, பொருளியல் என்பது செல்வத்தைப் பற்றிய இயல் என்று இலக்கணம் சொன்னவராக மட்டும் அறிமுகப்படுத்துவதும் ஒரு குறைதான். அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியர். 1776இல் நாடுகளின் செல்வத்தைப் பற்றி எழுதுவதற்கு முன், 1759இலேயே அற உணர்வுகளைப் பற்றி நூல் எழுதியவர். ஒரே தொழில் செய்பவர்கள் ஒன்றுகூடினால் பேச்சு பெரும்பாலும் பொதுமக்களுக்கு எதிரான சதியில்தான் முடியும் என்று எச்சரித்தவரும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. சந்தைக்காக வாதாடுவது முதலாளிகளுக்காக வாதாடுவது ஆகாது என்பதை அவரைக் கொண்டே விளக்கிவிடலாம்.

பதில் 2: தொழிலாளர் வழக்கறிஞர்

முந்தைய பதிலில் "அடுத்த தெருவுக்குப் போய்விடலாம்" என்ற இடத்தில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. நிலமில்லாத கூலித் தொழிலாளிக்கு அடுத்த தெரு எது? அம்பேத்கர் 1947இல் அரசமைப்புக்கென எழுதிய குறிப்பில் இதைத்தான் கேட்டார்: அரசின் கட்டுப்பாடு நீங்கினால் கிடைக்கும் சுதந்திரம் யாருக்கு? குத்தகையை உயர்த்த நிலக்கிழாருக்கும், வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிக்கும் அல்லவா? ஆகவே அடிப்படைத் தொழில்களும் வேளாண்மையும் அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார்.

நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையையும் மறக்க வேண்டாம். ஒரே காசு, ஒரே தேநீர், ஆனால் சாதி பார்த்துக் கண்ணாடி டம்ளர் ஒருவருக்கும் தனிக் குவளை இன்னொருவருக்கும் என்றுதான் அந்தச் சந்தை இயங்கியது. தனிக் குவளையை மறுக்கும் கடை ஒன்று பக்கத்தில் திறந்து பழைய கடையை விரட்டிவிடும் என்று கோட்பாடு சொல்லும்; பல கிராமங்களில் அது நடக்கவில்லை. தனிக் குவளையில் குடித்த அதே மனிதர் நகரத்து உணவகத்தில் காசைக் கொடுத்தால் பெரும்பாலும் அவர் யார் என்று எவரும் கேட்பதில்லை என்பதும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றத்துக்குச் சட்டமும் போராட்டமும் எவ்வளவு காரணம், சந்தை எவ்வளவு காரணம் என்பதைப் பிரித்துக் காட்டாமல் எல்லாப் பெருமையையும் சந்தைக்கே கொடுப்பது நேர்மையல்ல.

பதில் 3: வரலாற்று மாணவன்

பதினோராம் வகுப்பில் இந்தியப் பொருளியல் சிந்தனையாளர்களாக வள்ளுவர், காந்தி, நேரு, அம்பேத்கர், குமரப்பா, வி.கே.ஆர்.வி. ராவ், அமர்த்தியா சென் ஆகியோர் வருகிறார்கள். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பொருளியலாளர் குழுவில் 1955இல் தனியொருவராக மாற்றுக் கருத்து எழுதிய பி.ஆர். ஷெனாய் அந்த வரிசையில் இல்லை. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி "பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்" என்று சாடிய ராஜாஜியும் இல்லை. அவர்கள் சொன்னது சரியா தவறா என்பது பிறகு. எதிர்வாதமே கண்ணில் படாத மாணவன் எதை எடைபோடுவான்? இதற்குப் பாடநூல் குழுவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஓர் அரசியல் கட்சி பதிவு பெற வேண்டுமானால் சமதர்மத்தில் பற்றுறுதி கொள்வதாகச் சட்டப்படி எழுதிக் கொடுக்க வேண்டிய நாடு இது.

பதில் 4: பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியை

பிள்ளைகளை ஒரு காலையில் உழவர் சந்தைக்கு அழைத்துப் போங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் விற்பவர் தனி விவசாயி, இடமும் தராசும் அரசு கொடுப்பவை, விலையை அலுவலர்கள் நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். தக்காளி விலையைக் குறித்துக்கொண்டு வெளியே வண்டிக்காரரிடமும் கேட்கச் சொல்லுங்கள். வித்தியாசம் யாருக்குப் போகிறது, அது அவருக்கு உரியதா, விலையை நிர்ணயிக்கும் உரிமை அலுவலருக்கு எங்கிருந்து வந்தது என்று இரு அணிகளாகப் பிரித்து வாதிட வையுங்கள். பாதி நேரத்தில் அணிகளை இடம் மாற்றிவிடுங்கள். உங்கள் கருத்தைக் கேட்டால் சொல்லலாம், ஆனால் வாதம் முடிந்த பிறகு. பாட இறுதி வினாவுக்கான விடையை மறுநாள் எழுதச் சொன்னால் போதும். தேர்வுக்கு அது எப்படியும் தேவைப்படும்.