கோதுமை ரொட்டிக்கு மாறியும் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறையாதது ஏன்?

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மினுடன் கிளிமெபிரைடு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை 120-ஐ ஒட்டியே இருக்கிறது. ஆனால் வெள்ளை ரொட்டியை விட்டு முழுக் கோதுமை ரொட்டிக்கும், சில நாட்கள் உடனடி ஓட்ஸுக்கும் மாறிய பிறகும், காலை உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 220-க்குக் கீழே இறங்குவதில்லை. இனிப்பே தொடாதவருக்கு இப்படி ஏன் ஏறுகிறது? சோற்றையும் உருளைக்கிழங்கையும் அடியோடு நிறுத்திவிட வேண்டுமா? சாப்பிட உட்காரவே அவர் அஞ்சுகிறார்.

பதில்:
நாக்கில் இனிப்புத் தெரியாவிட்டாலும், ரொட்டியிலும் ஓட்ஸிலும் உள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகவே உடைகிறது. அது எவ்வளவு வேகமாக இரத்தத்தில் சேர்கிறது என்பதை அளக்க, 1981-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கிளைசெமிக் குறியீட்டை வகுத்தார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், 55 வரை குறைவு, 70-க்கு மேல் அதிகம். வெள்ளை ரொட்டி, முழுக் கோதுமை ரொட்டி இரண்டுமே ஏறத்தாழ 75-இல் நிற்கின்றன. தவிடு சேர்ந்திருந்தாலும் நைசாக அரைத்த மாவு விரைவில் செரித்துவிடுவதே காரணம். உடனடி ஓட்ஸ் 80-ஐ நெருங்கும்போது, தட்டையாக அழுத்திய சாதாரண ஓட்ஸைக் காய்ச்சினால் 55 அளவில்தான் இருக்கிறது. ஆகவே பொட்டலத்தின் மேலுள்ள பெயரைவிட, தானியம் எவ்வளவு முழுதாக இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

பதில்:
மேலே சொன்னது சரியே. ஆனால் குறியீட்டை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் அது அளவைக் கணக்கில் கொள்வதில்லை. தர்பூசணியின் குறியீடு அதிகம் என்றாலும், ஒரு கீற்றில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால் சர்க்கரை பெரிதாக ஏறாது. அதேபோல, சோற்றை நிறுத்த வேண்டியதில்லை; அளவைப் பாதியாக்கி, காய்கறியையும் முட்டை அல்லது பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொழுப்பு மிகுந்த உணவில் மட்டும் கவனம் தேவை: அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது நல்ல அளவைக் காட்டிவிட்டு அதன் பிறகு சர்க்கரை ஏறக்கூடும். காலை உணவுடன் அவர் வேறு என்ன பருகுகிறார்?

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மாத்திரை விழுங்குவதற்காக, தினமும் ஒரு பெரிய தம்ளர் ஆரஞ்சுச் சாறு குடிக்கிறார். சர்க்கரை சேர்க்காத சாறுதான் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பதில்:
அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். முழுப் பழத்தை மென்று தின்னும்போது நார்ச்சத்து வேகத்தைத் தடுக்கிறது. சாறாகும்போது அந்த நாரில் பெரும்பகுதி போய்விடுகிறது, மூன்று நான்கு பழங்களின் சர்க்கரை ஒரே மூச்சில் உள்ளே செல்கிறது. மாத்திரைக்குத் தண்ணீர் போதும். மற்ற எதையும் மாற்றாமல், சாற்றை மட்டும் நிறுத்தி, சாப்பிடத் தொடங்கும் முன்பும் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து எழுதி வையுங்கள். உணவுக்குப் பின் 180-க்குள் இருப்பதே பெரும்பாலானோருக்கான பொது இலக்கு. ஒரே உணவு இருவருக்கு வேறுவிதமாக ஏறலாம் என்பதால், உங்கள் தாயாரின் எண்களே அவருக்கு வழிகாட்டி.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். கிளிமெபிரைடு எடுப்பவர் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. எனவே மாற்றத்துக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றி அளவு 70-க்குக் கீழே சென்றால், அப்போது மட்டும் அரைத் தம்ளர், அதாவது 150 மில்லி சாறு கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்.