இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்: எதிர்ப்பா, தடையா, கேளாமையா?

பனையோலை எழுதியது:
நண்பர்களே, நீரிழிவு நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்', அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக அசையாத நிலை, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'இன்சுலின் எதிர்ப்பு' என்று போட்டேன். படித்துப் பார்த்தவர், "நோய் எதிர்ப்பு மாதிரியா? அப்படியானால் நல்லதுதானே?" என்கிறார். மாற்றுச் சொல் தாருங்கள்.

தொகைநிலை எழுதியது:
அவர் கேட்டது நியாயம். நோயை எதிர்ப்பது நோயெதிர்ப்பு. இரண்டாம் வேற்றுமைத் தொகை. 'இன்சுலின் எதிர்ப்பு' என்பதை, இன்சுலின் எதையோ எதிர்க்கிறது என்றும் விரிக்கலாம். 'இன்சுலின் தடை' இன்னும் மோசம்; அரசு தடைசெய்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். 'இன்சுலின் ஏற்பின்மை' எப்படி?

நாடி எழுதியது:
மருத்துவர் என்ற முறையில் மறுக்கிறேன். இன்சுலின் உயிரணுவின் ஏற்பியில் (ரிசெப்டரில்) போய் ஒட்டத்தான் செய்கிறது. பெரும்பாலும் கோளாறு அதற்குப் பிறகு: உள்ளே போக வேண்டிய சமிக்ஞை வலுவிழக்கிறது. தசை, கொழுப்பு உயிரணுக்களுக்குள் குளுக்கோஸைக் கடத்தும் புரதங்கள் காத்திருக்கும். சமிக்ஞை கிடைத்தால்தான் அவை சவ்வுக்கு நகர்ந்து குளுக்கோஸை உள்ளே விடும். இப்போது போதுமான அளவில் நகர்வதில்லை. கல்லீரலோ நிறுத்த வேண்டிய நேரத்திலும் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். ஈடுகட்டக் கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கும். அதனால் தொடக்கத்தில் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், இன்சுலின்தான் எகிறியிருக்கும். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்கள் ஈடுகொடுக்க முடியாதபோது இரண்டாம் வகை நீரிழிவு. முதல் வகையில் இன்சுலின் சுரப்பே அற்றுப்போகிறது. இந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டும்.

வேர்ச்சொல் எழுதியது:
அப்படியானால் 'கேளாமை'. கேட்பது என்றால் செவிமடுப்பது, சொற்படி நடப்பது. கேள் என்றால் உறவும் கூட; கேண்மை, கேளிர் எல்லாம் அந்த வேர். கேளார் என்றால் பகைவர். இன்சுலின் என்னும் ஹார்மோனுக்கும் உயிரணுவுக்கும் உறவு முறிவதை வேறெந்தச் சொல் சொல்லும்? அது சரி, ஹார்மோனை மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம்? 'கிளர்ந்தெழச் செய்' என்னும் பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. நம்மிடம் 'இயக்குநீர்' இருக்கிறதே!

நாடி எழுதியது:
ஐயா, கார்ட்டிசோல், ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்கள் கொலஸ்டிராலிலிருந்து உருவாகின்றவை, நீரில் எளிதில் கரையாதவை. அவற்றையும் நீர் என்பதா? கேளாமை என்றால் காது என்றே நோயாளி நினைப்பார். நீரிழிவில் செவித்திறன் குறைவதும் உண்டு. பெயர்க்குழப்பம் விளையாட்டல்ல. அளவுக்கு மீறிச் சிறுநீர் போகும் 'டயாபடீஸ் இன்சிபிடஸ்' நோய்க்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெசின் என்னும் ஹார்மோன் சுரப்பது குறைவதாலோ, சிறுநீரகம் அதற்கு அசையாததாலோ வருவது. சர்க்கரை நோய் என்று எண்ணி உரிய மருந்தைக் கொடுக்காமல் விட்டு நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததால் 2022இல் பெயரையே மாற்ற முன்மொழிந்தார்கள். புதுப்பெயர்களில் ஒன்று 'வாசோப்ரெசின் ரெசிஸ்டன்ஸ்'. நாம் ஆக்கும் சொல் அங்கேயும் பொருந்த வேண்டும்.

எளியன் எழுதியது:
'இன்சுலினுக்கு இணங்காமை'. 'வாசோப்ரெசினுக்கு இணங்காமை'. படித்தவுடன் புரிகிறது.

தொகைநிலை எழுதியது:
நான்காம் வேற்றுமை உருபு விரிந்து நிற்கும் கலைச்சொல்லா? உருபைத் தொகுத்தாலோ இன்சுலினே இணங்கவில்லை என்றாகிவிடும்.

பனையோலை எழுதியது:
உருபு நிற்கட்டும். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன், எனக்கும் தெம்பில்லை. முதலில் வருமிடத்தில் மட்டும் 'ரெசிஸ்டன்ஸ்' என்பதையும் அருகில் போடுகிறேன். மருத்துவர் வாயில் அதுதானே வரும்.

வேர்ச்சொல் எழுதியது:
அச்சிடுங்கள், ஆனால் என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். மருந்தைச் சரியாக எடுக்காதவரையும் 'சிகிச்சைக்கு இணங்காதவர்' என்றுதான் எழுதுகிறோம். இரண்டும் ஒரே கையேட்டில் வந்தால், தன் தசையும் கல்லீரலும் செய்வதற்குத் தன்னைத் திட்டுகிறார்கள் என்று அவர் நினைக்கமாட்டாரா?